ரொட்டி கொடுத்த லோசான்

பேருந்து நிலையத்து அறிவிப்புப் பலகையில் அப்பாவின் மரண நோட்டீஸை ஒட்டி, சுருக்கம் விழாதபடி உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள் பாவ்லீனா. பசை வாளியைத் தம்பி யாவோர் பிடித்திருந்தான். முந்தின நாள் காலையில் செய்தி போனதும் ஸ்பெயினிலிருந்து கிடைத்த விமானத்தில் ஏறி, சோஃபியாவில் ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவன். இன்னும் சட்டைகூட மாற்றவில்லை.

பலகையில் இடமே இல்லை. போன வாரம் போனவர்கள், நாற்பதாம் நாள் நினைவு வந்தவர்கள், ஐந்து வருஷமாகியும் பிள்ளைகள் மறக்காதவர்கள். ஊரில் நடமாடுகிறவர்களைவிட இதில் ஒட்டியிருப்பவர்கள்தான் அதிகம் என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். எதிரே இருக்கும் டிக்கெட் கவுண்டரில்தான் பாவ்லீனா பல வருஷங்களாக உட்கார்ந்திருக்கிறாள். மழையில் உரிந்து தொங்கும் நோட்டீஸ்களை அவளே எத்தனையோ தடவை கிழித்துக் கூடையில் போட்டிருக்கிறாள். இன்று அப்பாவுக்கு இடம் பண்ண, யாரோ ஒருவரின் ஓரத்தை மறைக்க வேண்டியதாயிற்று. மறைந்தது யார் என்று குனிந்து பார்த்துவிட்டு அடுத்த கம்பத்துக்கு நகரப் போனாள்.

அப்போது நகராட்சி ஆள் ஒருவர் சுருட்டிய தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா" என்று சொல்லி, அவள் ஒட்டியதற்குப் பக்கத்தில் பலகையின் சட்டத்தையும் சேர்த்து மூடும்படி ஒரு பெரிய நோட்டீஸை ஒட்டினார். நல்ல வழவழப்பான தாள். அதிலும் அப்பாதான். கோட்டுப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரை நினைவுக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். கீழே கறுப்பு எழுத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் நம் துறைமுகத்தில் யூத மக்களுக்குத் தன் கையால் ரொட்டி கொடுத்த லோசான், நம் ஊரின் மனசாட்சி, மறைந்தார் என்று போட்டிருந்தது.

பிள்ளைகள் அச்சடித்த நோட்டீஸில் 'துறைமுகச் சுமைத் தொழிலாளி, அன்பான அப்பா, அண்ணன், தாத்தா' என்று மட்டும்தான் இருந்தது. யாவோர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நகராட்சி நோட்டீஸைச் செல்போனில் படம் பிடித்தான். ஸ்பெயினில் இருக்கும் தன் பிள்ளைகளுக்கு அனுப்பப் போவதாகச் சொன்னான். பாவ்லீனாவுக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நம்முடையதைவிட நல்ல தாள், மழைக்குத் தாங்கும் என்று மட்டும் நினைத்தாள்.

அந்தக் கதையோடுதான் அவள் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்பதுகூடச் சரியில்லை. அது வெளியே வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. மாவட்டப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து அப்பாவோடு பேசிவிட்டுப் போனார். மறு வாரம் படத்தோடு வந்தது. அது கம்யூனிஸ்ட் கட்சியின் காலம். கட்சிக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. பிறகு கட்சி போய் வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கும் பிடித்திருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஆற்றங்கரையில் விழா நடக்கும். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி பூங்கொத்து கொடுப்பாள். யாராவது அப்பாவின் தோளில் கை போட்டு மைக்கில் ரொட்டிக் கதையைச் சொல்வார்கள். அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் வாயால் அதை ஒருநாளும் சொன்னதில்லை. பேச்சு வராத மனுஷன் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். கடைசி நாலைந்து வருஷமாக விழா வரும்போதெல்லாம் அவருக்கு மூட்டு வலி வந்தது. மறுநாள் தோட்டத்தில் திராட்சைக் கொடிக்குக் கவாத்துப் பண்ணிக்கொண்டிருப்பார்.

இது எழுபதாவது வருஷம். பத்து நாளைக்கு முன்னால், மகளிர் தினத்தன்று, பாவ்லீனா அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தாள். ரேடியோவில் பல்கேரிய நாடாளுமன்றத்தின் அறிக்கையை வாசித்தார்கள். நம் நாட்டு யூதர்களை நாம் காப்பாற்றினோம் என்பது எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். யுத்தத்தில் நம் கைக்கு வந்த கிரேக்க ஊர்களிலிருந்தும் மாசிடோனியாவிலிருந்தும் பதினோராயிரத்துச் சொச்சம் யூதர்கள் சாவு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள், அதை அங்கிருந்த நம் நிர்வாகத்தால் தடுக்க முடியாமல் போனதற்கு வருந்துகிறோம் என்று முதல் தடவையாகச் சொன்னார்கள். அப்பா கன்னத்தில் நுரையோடு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முடியலையாமா? யாரு தடுத்துப் பார்த்தா, முடியலைன்னு சொல்றதுக்கு?" என்றார்.

பிறகு ரேடியோவைக் குறைக்கச் சொன்னார். அசையாமல் இருங்கப்பா, வெட்டிவிடும் என்று பாவ்லீனா சொன்னாள். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நேற்று விடிகாலை டீ கொண்டுபோனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தொட்டதும் தெரிந்துவிட்டது.

அவர்கள் வீடு திரும்பியபோது முன்னறையில் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். அப்பாவின் கையிடுக்கில் ஒரு மெழுகுவர்த்தி. அடுக்களையில் அவருடைய தங்கை தஃபீனா அத்தை மேஜைமேல் துணி விரித்து, வேகவைத்த கோதுமையைப் பரப்பி ஈரம் போக விட்டுக்கொண்டிருந்தாள். கல்லறையில் எல்லோருக்கும் கொடுக்கிற கோதுமை. உலர்ந்தபின் சர்க்கரையும் அக்ரூட்டும் கலக்க வேண்டும். அதை வேறு யாரையும் தொடவிடவில்லை. அத்தைக்கு எண்பது வயதை நெருங்குகிறது. காது ரொம்ப மந்தம். கேட்காததற்கும் பதில் சொல்கிற பழக்கம் உண்டு.

யாவோர் செல்போனை அவள் முகத்துக்கு நேரே காட்டினான். கண்ணாடி இல்லாமல் தெரியாது என்றாள். அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து நகராட்சி நோட்டீஸை உரக்க வாசித்தான்.

"கொடுத்தானா?" என்றாள் அத்தை. கை கோதுமையைக் கிளறிக்கொண்டே இருந்தது. "யாருக்குக் கொடுத்தான்? வீட்டுக்குல்ல கொண்டுவந்தான்."

யாவோர் சிரித்துவிட்டு மறுபடி வாசித்தான். யூதர்களுக்கு, அத்தை, யூதர்களுக்கு.

"கேக்குதுடா. நான் செவிடுதான், பைத்தியம் இல்ல. அவங்களுக்கு வந்த ரொட்டி. அதைத்தான் சொல்றேன்."

கேட்கக் கேட்க அத்தை சொல்லிக்கொண்டே போனாள். மறைக்கிற தொனியும் இல்லை, போட்டுடைக்கிற தொனியும் இல்லை. ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. லோசானுக்குப் பதினேழு வயது. தகப்பனுக்குக் கீழேயே வேலை பார்த்தான். யூதர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் வந்தன. ஆட்களை இறக்கிப் படகில் ஏற்றுகிற வரைக்கும் சுமைக்காரர்களுக்கு ராவும் பகலும் வேலை. மூட்டை முடிச்சுகளை ஏற்றினார்கள். நடக்க முடியாத கிழங்களை முதுகில் தூக்கிப் பலகைமேல் நடந்து படகில் விட்டார்கள். வழிக்குச் சாப்பிட ராணுவக் கிடங்கிலிருந்து ரொட்டி மூட்டைகள் வந்தன. அதையும் அவர்கள்தான் ஏற்றினார்கள். ஏற்றும்போது சில மூட்டைகள் கிட்டங்கிக் கொட்டகைக்குள் ஒதுங்கின. மேஸ்திரி பங்கு பிரித்துக் கொடுத்தார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்களும் எடுத்தார்கள்.

"ஜெர்மன்காரங்களா போலீஸு?" என்று கேட்டான் யாவோர்.

"எங்கேருந்து ஜெர்மன்காரன்? எல்லாம் நம்ம ஆளுங்க. ஒருத்தர் நம்ம தெருவிலேயே குடியிருந்தாரு."

அத்தை அப்போது ஒன்பது வயதுப் பிள்ளை. தகப்பனுக்கும் அண்ணனுக்கும் சோறு கொண்டுபோகிறவள் அவள்தான். ரொட்டியை லோசான் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வருவானாம். மக்காச்சோளம் கலக்காத ரொட்டி. அம்மா துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, வேளைக்கு ஒரு துண்டாக வெட்டிக் கொடுப்பாளாம். அதுவரைக்கும் அப்படி ஒரு ரொட்டியைத் தான் வாயில் வைத்ததில்லை என்றாள் அத்தை.

பாவ்லீனா அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "அது யாரோட ரொட்டின்னு உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"படகுல போறவங்களுக்குன்னு தெரியும். ஊருக்கே தெரியும். அவங்க எங்க போறாங்கன்னுதான் தெரியாது." கோதுமையைத் துணியோடு சேர்த்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். "தெரிஞ்சிருந்தாலும் தின்னிருப்போம். பசி."

அப்பா ஏன் சொல்லவில்லை என்று யாவோர் கேட்டான். அவன் குரல் மாறியிருந்தது.

"அவன் எதைத்தான் சொன்னான்? பேப்பர்காரன் வந்து கேட்டப்ப 'ரொட்டி ஏத்தினோம்'னான். நான் பக்கத்துலதான் நின்னேன். அவன் 'கொடுத்தோம்'னு எழுதிட்டான். மறுநாளே கட்சி ஆபீஸ்ல கூப்பிட்டுக் கை குலுக்கினாங்க. கை குலுக்க வந்தவங்ககிட்டப் போயி என்னத்தைச் சொல்லுவான்?"

யாவோர் கொல்லைப்பக்கம் போய் சிகரெட் பற்றவைத்தான். பாவ்லீனா பின்னாலேயே போனாள். நகராட்சியிலிருந்து மரினேலா வருவாள், கல்லறையில் யாரும் அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லப்போகிறேன் என்றாள். யாவோர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வயதில் பார்த்ததை எண்பது வயதில் சொல்கிறாள், அதை நம்பி அப்பாவின் பேரைக் கெடுப்பாயா என்று கேட்டான். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்தாயா என்று பாவ்லீனா கேட்டாள். 

"பதினேழு வயசுப் பையன், அக்கா. எல்லாரும் எடுத்தாங்க, அவனும் எடுத்தான். புதைக்கிற அன்னைக்கு அதைப் போய்…"

"எடுத்தாருன்னு யாரும் சொல்ல வேண்டாம்டா. கொடுத்தாருன்னு சொல்ல வேண்டாம். அவ்வளவுதான்."

அவன் சிகரெட்டைப் பாதியிலேயே மிதித்தான். "உனக்குத் தெரியாது. லாரி ஓட்டிட்டுப் போனா ஒவ்வொரு நிறுத்தத்துலயும் நாலு பேரு. பல்கேரியான்னு சொன்னதும் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்குவான். அப்ப நான் எங்கப்பாவைப் பத்திச் சொல்லுவேன். வாயை மூடிக்குவான். என் பிள்ளைங்க ஸ்கூல்ல எழுதியிருக்கு, தாத்தா ரொட்டி கொடுத்தாருன்னு. வேற என்ன இருக்கு அதுங்களுக்கு இந்த ஊரைப் பத்திச் சொல்ல?"

 திராட்சைக் கொடியில் அப்பா போன வாரம் கவாத்துச் செய்த இடங்களிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மரினேலா மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டாள். நகராட்சியின் பண்பாட்டுப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. பாவ்லீனாவுக்குப் பள்ளியில் மூன்று வகுப்பு கீழே படித்தவள். பெட்டிக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்பாமேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. பிறகு நிகழ்ச்சி விவரம் சொன்னாள். மேயர் சோஃபியாவில் இருக்கிறார், அவளே பேசுவாள். விழாவுக்கென்று கிரேக்கத்திலுள்ள சலோனிகாவிலிருந்து அலெக்ரா என்ற ஓர் அம்மா வந்திருக்கிறார். அவருடைய சித்தியையும் கவாலாவிலிருந்து கொண்டுவந்து இங்கேதான் படகில் ஏற்றினார்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு அடக்கத்துக்கும் வர வேண்டும் என்று கேட்கிறார்.

பாவ்லீனா அவளை அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மரினேலா அதிர்ந்துபோகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாவ்லீனாக்கா, அன்னைக்கு ரொட்டி கொடுத்தவங்களும் இருந்தாங்க. பொம்பளைங்க சில பேரு ரயில் ஜன்னல் வழியா எறிஞ்சாங்கன்னு நாலைஞ்சு கிழவிங்க எங்கிட்டச் சொல்லியிருக்காங்க. அவங்க பேரு யாருக்கும் தெரியாது. அது உங்கப்பா பேர்ல இருந்துட்டுப் போகட்டுமே. நடந்ததுதானே?"

"நடந்துச்சு. எங்கப்பா பண்ணல."

"நம்ம ஊரு பேரைச் சொன்னா வெளிய எவனுக்காவது எதாவது தெரியுமா? இது ஒண்ணுதான். எழுபது வருஷம் ஆச்சு. அந்தம்மா அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

பாவ்லீனா மேற்கொண்டு வாதாடவில்லை. 'தன் கையால்' என்பதை மட்டுமாவது விட்டுவிடு என்றாள். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மரினேலா எழுந்தாள். அவள் விட மாட்டாள் என்பது தெரிந்துதான் இருந்தது. அவள் விடாவிட்டால், மண் போடுவதற்கு முன் தானே இரண்டு வார்த்தை பேசிவிடுவது என்று பாவ்லீனா முடிவு செய்துகொண்டாள். பேருந்து நிலையத்து மைக்கில் தினமும் பேசுகிறவளுக்குக் கூட்டம் ஒரு பயமில்லை.

கல்லறை மேட்டின் மேலே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் ஆறும் எதிர்க்கரையில் ருமேனியாவின் மரங்களும் தெரியும். வானம் மூடிக்கொண்டு வந்தது. பாதிரியார் மழைக்குப் பயந்து கொஞ்சம் வேகமாகவே ஓதினார். மூடி போடாத பெட்டியில் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். விழாக்களுக்குப் போகும் அதே கோட்டு. வேறு நல்ல கோட்டு அவரிடம் கிடையாது.

மரினேலா பேசினாள். நன்றாகவே பேசினாள். கொட்டும் மழையில், துப்பாக்கிகளுக்கு நடுவே, பதினேழு வயது இளைஞன் ஒருவன் தன் கையால் என்றாள். யாவோர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாவ்லீனா ஓரடி முன்னால் வைத்தாள்.

ஆனால் அதற்குள் அந்த அம்மா பெட்டியின் தலைமாட்டுக்கு வந்துவிட்டார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குள்ளம், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி நிறுத்தினார், மரினேலா மொழிபெயர்த்தாள். அவருடைய அம்மா கல்யாணமாகி ஏதென்ஸுக்குப் போனதால் பிழைத்தவர். அம்மாவின் தங்கை புவேனா கவாலாவில் இருந்தார். புருஷனும் இரண்டு பெண் குழந்தைகளும். வியன்னா வரைக்கும் படகு. அப்புறம் ரயில். போலந்தில் ஒரு முகாமோடு முடிந்துவிட்டது. அவருடைய அம்மா சாகிற வரைக்கும் அந்த முகாமைப் பற்றிக் கேட்டதே இல்லை. வழியில் குழந்தைகளுக்கு யாராவது எதாவது சாப்பிடக் கொடுத்திருப்பார்களா என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருப்பாராம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அலெக்ரா இந்த ஊரைப் பற்றிப் படித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த அம்மாவிடம் போய், ஒரு பையன் ரொட்டி கொடுத்தான் என்று சொன்னார். அம்மா, "அப்ப புவேனா சாப்பிட்டிருப்பா" என்றாராம். அந்த வாரமே போய்விட்டார்.

"இதைச் சொல்லத்தான் வந்தேன்னு சொல்றாங்க" என்று முடித்தாள் மரினேலா. 

அலெக்ரா குனிந்து அப்பாவின் கோட்டுக் கையைத் தொட்டார். பாவ்லீனா வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். சொல்ல வைத்திருந்த இரண்டு வார்த்தையும் எங்கேயோ போய்விட்டன. பாதிரியார் அவளைப் பார்த்தார். மூடலாம் என்று அவள் தலையை ஆட்டினாள். மூடியைப் போட்டு ஆணி அடித்தார்கள்.

மண் போட்டு முடிந்ததும் பெண்கள் கூடைகளைத் திறந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு துண்டு ரொட்டி, ஒரு கரண்டிக் கோதுமை, ஆண்களுக்கு ஒரு வாய் ஒயின். வாங்குகிறவர்கள் 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லி வாங்க வேண்டும். யார் செத்தாலும் அதுதான் சொல்வது. பச்சைக் குழந்தை செத்தாலும் அதுதான். அத்தை கூடையைக் கையில் கோத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தாள். அலெக்ராவுக்கும் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். வழக்கத்தை மரினேலா விளக்கினாள். அலெக்ரா புரிந்து தலையசைத்து, ரொட்டியை வாங்கிக்கொண்டு, தன் பாஷையில் அந்த வார்த்தையைச் சொன்னார்.

யாவோர் வெடுக்கென்று திரும்பினான். ஸ்பானிஷ் மாதிரி இருந்தது. அவன் எதோ கேட்டான். அலெக்ரா அவனை நிமிர்ந்து பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. அம்மா வீட்டில் பேசிய பேச்சாம் அது. முன்னோர்கள் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு ஐந்நூறு வருஷம் ஆனபிறகும் விடாமல் பேசியது. லாரி ஓட்டிக் கற்ற ஸ்பானிஷும் அதுவும் ஒன்றோடொன்று தட்டுத்தடுமாறி ஒத்துப்போயின. மரினேலாவின் மொழிபெயர்ப்பு தேவையில்லாமல் போனது. அலெக்ரா அவன் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு பேசினார், பேசினார். அவர் நெற்றியை அவன் கைமேல் வைத்ததைப் பாவ்லீனா பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று அவளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நன்றி சொல்கிறார் என்பது புரிந்தது.

யாவோர் முகம் கறுத்துப்போயிருந்தது. ஒருமுறை அக்காவைப் பார்த்தான். பிறகு பேச ஆரம்பித்தான்.

மெதுவாகப் பேசினான். வார்த்தை கிடைக்காத இடங்களில் கையைக் காட்டினான். முதுகில் மூட்டை ஏற்றுவதுபோல ஒரு கை போனது. கோட்டைத் திறந்து உள்ளே எதையோ வைப்பதுபோல இன்னொன்று. அத்தையைக் காட்டினான். தன் வாயைத் தொட்டான். பாவ்லீனாவுக்கு அவன் எதைச் சொல்கிறான் என்பது தெரிந்தது. நிறுத்துடா என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவன் அதற்குள் சொல்லி முடித்திருந்தான்.

அலெக்ரா அவன் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். உதறவில்லை; மெதுவாகத்தான் எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ரொட்டியோடு இருந்த கையையும் மற்றப் பையில் போட்டுக்கொண்டார். எதோ கேட்டார். யாவோர் சொன்னான். மறுபடி கேட்டார். அவன் கையை விரித்தான். 

"என்ன கேட்டாங்க?" என்று பாவ்லீனா தம்பியிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"படகுக்கு ரொட்டி போச்சா இல்லையான்னு. போச்சு, குறைவாப் போச்சுன்னேன்."

"அப்புறம்?"

"எவ்வளவு குறைவுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன்."

மரினேலா அவனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் நேராக நகராட்சி வண்டிக்குப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அலெக்ராவைக் கூப்பிட்டாள். அலெக்ரா அசையவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, விருந்தாளிகள் காத்திருப்பார்கள் என்று பொதுவாகச் சொல்லி மரினேலா கிளம்பிவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் கலைந்து போனார்கள். கடைசியில் இந்த நாலு பேர்தான் மிச்சம். யாவோர் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான். அலெக்ரா வந்து உட்கார்ந்தார்.

கார் மேட்டிலிருந்து இறங்கியது. பின்சீட்டில் பாவ்லீனாவுக்குப் பக்கத்தில் அத்தை காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனபிறகு, காது கேளாதவர்கள் கேட்கிற அந்த உரத்த குரலில், முன்னால் இருப்பது யார் என்று கேட்டாள். பாவ்லீனா அவள் காதில் சொன்னாள்.

"படகுல போனவங்களோட சொந்தம், அத்தை."

அத்தை முன்சீட்டின் மேல் தெரிந்த நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கார் ஆற்றங்கரைச் சாலைக்குத் திரும்பியது. நினைவுக் கல்லைத் தாண்டியது. பழைய துறைமுகச் சுங்கச்சாவடியையும் தாண்டியது.

"நிறுத்துடா" என்றாள் அத்தை.

யாவோர் கண்ணாடியில் பார்த்தான். கல் அங்கே பின்னால் இருக்கிறது அத்தை என்றான்.

"கல்லு கிடக்கட்டும். படகு நின்னது இங்கதான்."

அவன் வண்டியை ஓரங்கட்டினான். அத்தை தானே கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்து, கூரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பாவ்லீனா பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று கையை உதறினாள். முன்கதவுக்குப் போய் விரலால் கண்ணாடியைத் தட்டினாள். அலெக்ரா அவளைப் பார்த்துவிட்டு இறங்கினார். இரண்டு பேரும் மழையில் சரிவில் இறங்கிப் போனார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. அத்தை பேசிக்கொண்டே போவது காருக்குள் கேட்டது. ஆறு பெருகி, படித்துறையின் கீழ்ப்படிகளை மூடியிருந்தது.

யாவோர் சீட்டுக்கடியில் துழாவி, யாரோ முன்பு வாடகைக்கு எடுத்தவர்கள் விட்டுப்போன ஒரு குடையை எடுத்தான். அதை விரித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கிப் போனான்.

கண்ணாடியில் ஆவி படிந்தது. பாவ்லீனா சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். குடை இரண்டு பேருக்கே போதவில்லை. யாவோர் அதற்கு வெளியே நின்று பிடித்துக்கொண்டிருந்தான். அத்தையின் கை தண்ணீரைக் காட்டி எழுந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. பிறகு இல்லை என்பதுபோல இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய், அங்கேயே நின்றது.